கத்திரிக்கு கண்ணாடிப் பெட்டி எதுக்கு?

வணக்கம்ணா, தண்டையார்பேட்டைல இருந்து எழுதறேன். எங்க நைனா டைலர். நாப்பது வருஷம் ஒரே கத்திரிதான், யாரையும் தொட விடமாட்டாரு. போன வருஷம் தவறிட்டாரு. அந்தக் கத்திரிய ஹால்ல கண்ணாடிப் பெட்டில போட்டு மாட்டலாம்னு இருக்கேன், சரியா? செத்தவங்க கத்திரி வீட்ல இருந்தா சண்டை வரும்னு அத்தை சொல்றாங்க. இப்ப நல்ல கத்திரி எந்த கம்பெனினும் சொல்லுங்க. தொழிலாளிக்கும் கருவிக்கும் இருக்கற பாசத்த பத்தி நீங்க எழுதணும்ணா.

தம்பி,

அத்தை சொன்னத விடுங்க. வெறும் கத்திரிய ஆட்டினா சண்டை வரும்னு எங்க வீட்லயும்தான் சொன்னாங்க, ஆட்டாத நாள்லயும் தெரு வரைக்கும் கேட்டுச்சு. கம்பெனி பேரு எங்கிட்ட கேக்காதீங்க, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல பத்து டைலர கேட்டா பத்து பேரு சொல்வாங்க.

பாசம்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. எங்கம்மாவோட தையல் மிஷின எடைக்குப் போட்றலாமான்னு வீட்ல ரெண்டு வாரமா பேச்சு, நானும் இதையே யோசிச்சுட்டு இருந்தேன், கரெக்டா உங்க லெட்டர் வருது.

அம்மா பழைய வண்ணாரப்பேட்டைல வீட்லயே ஜாக்கெட் தைச்சாங்க. கிழக்கிந்திய கம்பெனிக்காரன் காலத்துல துணி வெளுக்கறவங்கள வெச்சு பேரு வாங்கின பேட்டை, அதுல துணி வெட்டி எங்க மூணு பேர வளத்தாங்க. அவங்களுக்கு பீச்சாங்கை. கத்திரி மீரட் கத்திரி, பழைய வண்டிப் பட்டைய எல்லாம் அடிச்சு செய்வாங்களே, 2013ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க, அது. ஆனா வலதுகைக்காரங்களுக்கு செஞ்சது. வலதுகைல புடிச்சா கட்டைவிரல் தள்ற தள்ளுல ரெண்டு அலகும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அதையே இடதுகைல புடிச்சா அதே தள்ளு அலக விலக்கும், துணி வெட்டுப்படாம நடுவுல மடிஞ்சு மாட்டிக்கும். வெட்ற கோடும் அலகுக்குப் பின்னாடி மறைஞ்சிடும். அம்மா என்ன பண்ணாங்கன்னா கட்டைவிரல தள்றதுக்கு பதிலா உள்ள இழுத்து இழுத்து வெட்டப் பழகிட்டாங்க, ஸ்க்ரூவையும் நல்லா இறுக்கி வெச்சுப்பாங்க, வேற யாராவது எடுத்தா ரெண்டு முழம் வெட்றதுக்குள்ள கை செத்துப்போயிடும்.

நான் வேலைக்குப் போனப்பறம் இடதுகைக்குன்னே கத்திரி விக்கறாங்கன்னு தெரிஞ்சு, பெரிய சாதனை மாதிரி வாங்கினு போய் குடுத்தேன். ரெண்டு நிமிஷம் வெட்டிப் பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுல துணி மாட்டுது! ஏன்னா விரல்தான் எப்பவோ எதிர்ப்பக்கமா இழுக்கப் பழகிடுச்சே. "என் கைக்கு இது ஆவாதுடா" அவ்ளோதான் சொன்னாங்க. இதுக்குப் பேரு பாசமா? கட்டைவிரல் ஓரத்துல காய்ப்பு காய்ச்சு கருத்து கெடக்கும், அதப் பாத்துட்டு பாசம்னு எழுத எனக்கு கை வரல.

உங்க நைனா யாரையும் தொட விடலன்னா அது செல்லம் இல்ல, பயம். நாம எடுத்தா பேப்பர் வெட்டுவோம். பேப்பர்ல களிமண்ணு சுண்ணாம்புன்னு கலந்திருப்பாங்க, கூர் போயிடும். அஞ்சாவது படிக்கறப்ப பிரவுன் ஷீட் வெட்டி வாங்கின அடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அத விட மோசம் தெரியாத ஆளுகிட்ட சாணை பிடிக்கக் குடுக்கறது. கத்திரியோட அலகு ரெண்டும் லேசா வளைஞ்சிருக்கும், மூடறப்ப ஒரே ஒரு புள்ளிலதான் தொடும், அந்தப் புள்ளி நுனி வரைக்கும் நகந்து போறதுதான் வெட்டு. அதனால வெளிப்பக்க சரிவுலதான் கல்லு படணும், உள்பக்கத்த தேய்ச்சா கத முடிஞ்சுது. எங்க தெருவுக்கு சைக்கிள ஸ்டாண்ட் போட்டு மிதிச்சு சாணை பிடிக்கறவர் வருவாரு, அம்மா கிட்டவே நின்னு "உள்ள தொடாத, உள்ள தொடாத"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அவரு "யக்கா எனக்குத் தெரியாதா"ம்பாரு, முடிச்சதும் மெல்லிசு காட்டன் துணில நுனிய வெச்சு வெட்டிப் பாத்துட்டுதான் துட்டு குடுப்பாங்க. நுனி வெட்டலன்னா காசு கெடையாது.

பெட்டி பத்தி கேட்டீங்கல்ல. நம்ம கடல் காத்துல கண்ணாடிக்குள்ள வெச்சாலும் துருப் பிடிக்கும் தம்பி, ஒரு சொட்டு மிஷின் ஆயில் கூட விடாம ஃபிரேம் போட்டு லைட் போட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெப்பீங்க, வேற என்ன. நைனாகிட்ட தொழில் கத்துக்கின பையன் யாராவது இருந்தா அவன் கைல குடுங்க. வேணாம்னா அவனே சொல்வான்.

அம்மா கத்திரி எங்கிட்டதான் இருக்கு. எனக்கு சோத்துக்கைதான், ஸ்க்ரூ இறுக்கத்துக்கு சரியாவே வெட்ட வரல, லூஸ் பண்ணவும் மனசு வரல. போன மாசம் அவசரத்துக்கு ஒரு கூரியர் டப்பா டேப்ப அதுலதான் வெட்டித் தொலைச்சேன். பசை இன்னும் அலகுல ஒட்டினு கெடக்கு.