அப்பாக்கு அழாம இரிந்தன், இப்ப எல்லாரோடயும் கோவம் வருது

அக்கா, எனக்கு 28 வயசு, திருக்கோவில் பக்கம், அக்கரைப்பற்றில ஒரு கடையில கணக்கு எழுதுற வேலை. எங்கட வீடு முழுக்க சைவம், நான் மட்டும்தான் நாலு வருசத்துக்கு முந்தி ஆண்டவர ஏத்துக்கிட்டு கடலில ஞானஸ்நானம் எடுத்தன். அண்டைக்கு சேர்ச்சில எனக்கு வேதத்தில இரிக்கிற ஒரு பேர் வெச்சாங்க. வீட்டில வெச்ச பேர் அம்மன்ட பேர். கண்ணகி அம்மன் கோயில் குளுத்திச் சடங்குக்கு நேர்த்தி வெச்சுப் பிறந்த புள்ள எண்டு அப்பா சொல்லிச் சொல்லியே வளத்தவர். நான் ஞானஸ்நானம் எடுத்த அண்டைக்கும் அவர் பேசல்ல, ரெண்டு நாள் கதைக்காம இரிந்தார், மறுகா வந்து உண்ட விருப்பம் புள்ள, ஆனா உன்ன நான் அந்தப் பேரில கூப்பிட மாட்டன் எண்டு மட்டும் சொன்னார்.

போன கார்த்திகையில அப்பா இறந்திட்டார். கடற்தொழில் செஞ்சவர், நெஞ்சு நோகுது எண்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே முடிஞ்சிட்டு. செத்த வீட்டில பொம்பிளயள் எல்லாம் அம்மாவக் கட்டிப் புடிச்சி ஒப்பாரி வெக்க நான் மட்டும் ஒரு மூலையில கதிரையில இரிந்தன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, ஏனெண்டா சேர்ச் சகோதரி ஒருத்தங்க வந்து காதுக்குள்ள, நம்பிக்கை இல்லாத சனம்தான் இப்படி அழும், நீ புது சிருஷ்டி, சாட்சியா இரி எண்டு சொன்னாங்க, நானும் அதுதான் சரி எண்டு நெனச்சி பல்லக் கடிச்சிட்டு இரிந்தன். 31ஆம் நாள் அம்மா அப்பாக்குப் புடிச்ச கணவாய்க் கறி, முருங்கக்காய், பொரிச்ச மீன் எல்லாம் ஆக்கிப் படைச்சாங்க. மறுகா எனக்கும் ஒரு கோப்பையில போட்டுக் கொண்டு வந்தாங்க. நான் வேணாம் எண்டு சொல்லிட்டு வெளிய போய்க் கடையில கொத்து வாங்கித் திண்டன். திரும்பி வர அம்மா அந்தக் கோப்பையக் கழுவிக் கவுத்து வெச்சிட்டு இரிந்தாங்க, ஒண்டும் கேக்கல்ல. அது எண்ட கண்ணுக்குள்ளயே நிக்குது அக்கா.

அதுக்குப் பொறகு நான் நான் இல்ல. ராவில ரெண்டு மணி வரைக்கும் நித்திர வாறல்ல, சில நாள் தடிமனுக்குத் தாற குளிசை ரெண்டப் போட்டுட்டுப் படுக்கன். தம்பியோட சும்மா சும்மா கோவம், கடையில வேல செய்யிற சின்னப் பொடியன் பில்லு மாறிப் போட்டான் எண்டு எல்லாருக்கும் முன்னால கத்திட்டன், அவன் அழுதிட்டான். ஜெபம் பண்ண இரிந்தா வெறும் வாய் மட்டும் அசையுது. வீட்டுக்குப் பின்னால அப்பாட வலை தொங்குது, அந்தப் பக்கம் நான் போறதே இல்ல. பழையவைகள் ஒழிந்துபோயின எண்டு வசனம் சொல்லுது, எனக்கு ஒண்டும் ஒழியல்ல, அப்ப நான் மறுபடியும் பிறக்கவே இல்லையா? அல்லது இவ்வளவு நாளும் நடிச்சனா?

இப்ப ஆடி அமாவாசை வருது. அப்பாக்கு முதல் வருசம். தம்பிதான் தீர்த்தமாடி எல்லாம் செய்வான், ஆனா அம்மாக்கு முழங்கால் ஏலாது, கடக்கர மணலில நடக்க ஆள் புடிக்க வேணும். போன கிழம என்னப் பாத்து, நீயும் வாறியா மனே எண்டு கேட்டாங்க. நான் பதில் சொல்லல்ல. போனா ஆண்டவருக்குத் துரோகமா, போகாட்டி அப்பாக்குத் துரோகமா எண்டு மண்ட வெடிக்குது. கடிதத்துக்குக் கீழ எந்தப் பேரப் போடுற எண்டும் தெரியல்ல, அதால போடாம விடுறன்.

பதில்

அன்பான தங்கச்சிக்கு,

உங்கட கடிதத்த மூண்டு தரம் வாசிச்சன். எண்ட மனசில பட்ட முதல் விசயத்த முதல்லயே சொல்லிடுறன், உங்களுக்கு விசுவாசத்தில ஓட்டை விழல்ல, நீங்க அப்பாக்கு இன்னும் அழல்ல, அவ்வளவுதான். அழாம அடக்கி வெச்ச துக்கம் நிறையப் பேருக்குக் கோவமாத்தான் வெளிய வரும், நித்திரயில்லாமயா வரும், ஜெபத்தில வாய் மட்டும் அசையிற மாதிரி ஒரு மரத்த தன்மையா வரும், ஒரு சாமானக் கண்டா அந்தப் பக்கமே போக ஏலாத மாதிரி வரும். அந்தப் பொடியன் பில்லு மாறிப் போட்டதுக்கு அவ்வளவு கத்தினது உங்கட பழைய சுபாவம் திரும்பி வந்தது எண்டு நீங்க நெனைக்கிறீங்க. எனக்கு அது வேற மாதிரி விளங்குது, கார்த்திகையில கதிரையில இருந்த புள்ள இப்பதான் வாயத் திறக்கிறா.

காதுக்குள்ள சொன்ன சகோதரி நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனா அந்த வசனத்த அரைவாசியிலயே விட்டுட்டாங்க. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினது நம்பிக்கையற்ற மற்றவங்களப் போல துக்கிக்க வேணாம் எண்டுதான், துக்கிக்கவே வேணாம் எண்டு இல்ல. ஸ்தேவானக் கல்லெறிஞ்சி சாகடிச்ச பொறகு அவர அடக்கம் பண்ணினவங்களப் பத்தி அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில என்ன இருக்கு? தேவபக்தியுள்ள மனுஷர் அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் எண்டுதான் இருக்கு. தேவபக்தி உள்ளவங்கதான் அழுதாங்க. லாசருவ எழுப்பப் போறன் எண்டு தெரிஞ்சும் அந்தக் கல்லறைக்குப் போற வழியில இயேசு கண்ணீர் விட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத வசனம் இல்ல, நீங்க கதிரையில இருந்த அந்த நேரத்தில ஒருத்தரும் உங்களுக்கு ஞாபகப்படுத்தல்ல, அதுதான் எனக்குக் கவலை.

அடுத்தது அந்தப் புது சிருஷ்டி வசனம். 2 கொரிந்தியர் 5:17. இத வெச்சுக்கொண்டு தங்களையே அடிச்சிக்கிற எத்தன பேர நான் பாத்திட்டன். ஞானஸ்நானத்துக்குப் பொறகு கோவம் வரக்கூடாது, பயம் வரக்கூடாது, பழைய ஆள் செத்திட்டார், இப்ப உள்ளது வேற ஒரு ஆள் எண்டு நெனச்சிக்கொண்டு இருப்பாங்க, ஒரு நாள் பழைய கோவம் வந்த உடன எல்லாமே பொய் எண்டு உடைஞ்சு போவாங்க. தயவு செஞ்சு அதே நிருபத்தில ஒரு பக்கம் முன்னுக்குத் திருப்புங்க, 4:16ல உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது எண்டு அதே பவுல்தான் எழுதியிருக்கார். மறுகா 7:5ல, புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன எண்டு தன்னப் பத்தியே சொல்லுறார். எல்லாம் புதிதாயின எண்டு எழுதின அதே கைதான் உள்ளே பயங்கள் எண்டும் எழுதினது. அவர் நடிக்கல்ல, நீங்களும் நடிக்கல்ல. உளவியலிலயும் இத ஆராய்ஞ்சவங்க இருக்காங்க, வில்லியம் ஜேம்ஸ் எண்ட அமெரிக்கர் 1901, 1902ல எடின்பரோவில செய்த விரிவுரைகளில மனமாற்றம் சிலருக்குத் திடீரெண்டும் சிலருக்கு மெல்ல மெல்லவும் நடக்கும் எண்டு காட்டி, அது எவ்வளவு வேகமா வந்தது எண்டத விட அது தாற கனியத்தான் பாக்க வேணும் எண்டார். கனி எண்டா ஒரு வருசத்தில காய்க்கிற கத்தரிக்காயா தங்கச்சி, பனையப் போலவும் இருக்கலாம்தானே.

பேர் விசயத்துக்கு வாறன். கடைசியில பேர் போடாம விட்டீங்களே, அந்த இடம்தான் என்னக் கூட நேரம் யோசிக்க வெச்சது. தமஸ்குப் போற வழியில விழுந்த உடன சவுல் பவுலாகிட்டார் எண்டு நாங்க ஞாயிறு பாடசாலையில இருந்தே கேட்டு வளந்திருக்கம். வேதத்தில அப்படி இல்ல. வானத்தில இருந்து வந்த சத்தமே சவுலே, சவுலே எண்டுதான் கூப்பிட்டது, கண்ணுக்கு மருந்தாக வந்த அனனியா கைய வெச்சு சகோதரனாகிய சவுலே எண்டுதான் சொன்னார், அதுக்குப் பொறகும் பல அதிகாரம் அவர் சவுல்தான், அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்திலதான் பவுல் என்னப்பட்ட சவுல் எண்டு வருது, அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கு. நான் எபிரெயன், பென்யமீன் கோத்திரத்தான் எண்டு அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மன்ட பேரச் சொல்லி அம்மா கூப்பிட்டா திரும்பிப் பாக்க உங்களுக்குக் குற்ற உணர்வு வர வேண்டியதில்ல. அந்தப் பேரால உங்களக் கூப்பிட்ட சத்தத்தில உங்கட அப்பாட சத்தமும் ஒண்டு, அதையும் சேத்து ஒழிச்சிடத்தான் இவ்வளவு நாளும் பாத்தீங்க.

எங்கட வீடு புளியந்தீவில, தலைமுறை தலைமுறையா மெதடிஸ்ட். 1814ல மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலத்தில இருந்து இஞ்ச ஒவ்வொரு குடும்பத்திலயும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில வந்துதான் இருக்கும். எங்கட அம்மம்மா பொட்டு வெக்க மாட்டா, ஆனா தைப்பொங்கலுக்கு முத்தத்தில பானை வெச்சுப் பொங்குவா, ஜெபம் பண்ணித்தான் பொங்குவா. அது சரியா பிழையா எண்டு அவவோட சண்ட பிடிச்ச ஆக்களும் சேர்ச்சில இருந்தாங்க. ஒரே பதில் எல்லாருக்கும் வராது எண்டு சொல்லத்தான் இதச் சொன்னன்.

படையல் சோறு சாப்பிடாததுக்கு உங்கள நான் பிழை சொல்ல மாட்டன். இது படைக்கப்பட்டது எண்டு தெரிஞ்சா விட்டுடு எண்டு பவுலே 1 கொரிந்தியர் 10ல சொல்லியிருக்கார், உங்கட மனச்சாட்சி அது. ஆனா ஒரு சொல்லும் சொல்லாம வெளிய போய்க் கொத்து வாங்கித் திண்டது, அதுதான் இப்ப உங்களுக்குக் குத்துது. அம்மா கோப்பையக் கழுவிக் கவுத்து வெச்சாங்க எண்டு எழுதியிருக்கீங்க. புருசனும் போய் மகளும் தள்ளி நிண்ட ஒரு பொம்பிள அந்த நேரத்தில வேற என்ன செய்யிற? அம்மாக்கிட்டப் போய், அண்டைக்கு நான் சாப்பிடாதது அப்பா மேல உள்ள வெறுப்பில இல்ல அம்மா, ஆனா உங்களத் தனிய விட்டுட்டுப் போனது பிழை எண்டு சொல்லுங்க. இத ஆடி அமாவாசைக்கு முந்தியே செய்யுங்க, அண்டைக்குச் சனத்துக்குள்ள வெச்சுச் செய்யாதீங்க.

போறதா வேணாமா எண்டதுக்கு நான் பாஸ்டர் இல்ல, உங்கட பாஸ்டர் வேற மாதிரியும் சொல்லலாம், அவரோடயும் கதையுங்க. எனக்கு உங்கட கேள்வியப் பாத்ததும் நாகமான்தான் ஞாபகம் வந்தார். 2 இராஜாக்கள் 5. சீரியாட படைத்தலைவன், குஷ்டரோகம், யோர்தானில ஏழு தரம் முழுகிச் சுகமாகி, இனி இஸ்ரவேலின் தேவனுக்கு மட்டும்தான் பலி எண்டு சொன்ன ஆள். மறுகா ஒரு சங்கடத்த எலிசா தீர்க்கதரிசிக்கிட்டச் சொல்லுறார், எண்ட ராசா ரிம்மோன் எண்ட அவங்கட சாமிட கோயிலுக்குள்ள போறப்ப எண்ட கையில சாஞ்சிக்கொண்டுதான் போவார், அவரோட நானும் குனிய வேண்டி வரும், அத மட்டும் கர்த்தர் மன்னிக்க வேணும் எண்டு. எலிசா நீண்ட உபதேசம் ஒண்டும் பண்ணல்ல, சமாதானத்தோடே போ எண்டார். அவ்வளவுதான் பதில். எண்ட கையில சாஞ்சிக்கொண்டு எண்ட சொல்லப் பாருங்க தங்கச்சி. உங்கட அம்மாக்கும் முழங்கால் ஏலாது.

நீங்க தீர்த்தமாட வேணாம், எள்ளும் தண்ணியும் இறைக்க வேணாம், அது தம்பி செய்வான், அத முதல்லயே அம்மாக்குச் சொல்லி வெச்சிடுங்க, அப்ப அண்டைக்கு ஏமாற்றம் வராது. மணலில கையப் புடிச்சிக் கூட்டிக்கொண்டு போங்க, அம்மாட செருப்பையும் துவாயையும் வெச்சிக்கொண்டு கரையில நில்லுங்க. அந்தக் கடலிலதான் நீங்க ஞானஸ்நானம் எடுத்தது, அந்தக் கடலுக்குத்தான் அப்பா தொழிலுக்குப் போனது. நிண்டுகொண்டு உங்கட ஆண்டவர்கிட்ட அப்பாவப் பத்திக் கதையுங்க. அழுகை வந்தா வரட்டும்.

அதுக்கு முந்தி இன்னொண்டு, ஒரு பின்னேரம் வீட்டுக்குப் பின்னால அந்த வலைக்குக் கிட்டப் போங்க, முதல் நாள் அஞ்சு நிமிசம் போதும், தொட்டுப் பாத்திட்டு வந்திடுங்க, அடுத்த நாள் தம்பியக் கூட்டிக்கொண்டு போங்க, அவனும் அப்பாவ இழந்த புள்ளதானே, அவனோட உள்ள கோவம் அங்கதான் குறையும் எண்டு நெனைக்கன். கடையில அந்தப் பொடியன்கிட்டயும் ஒரு மன்னிப்புக் கேளுங்க, எல்லாருக்கும் முன்னாலதானே கத்தினீங்க, மன்னிப்பும் எல்லாருக்கும் முன்னால இருக்கட்டும்.

தடிமன் குளிசையப் போட்டு நித்திர கொள்ளுறத இண்டைக்கே விடுங்க. இறந்து ஆறு மாசம் தாண்டியும் துக்கம் அண்டாட வாழ்க்கையக் குழப்பிக்கொண்டு நிண்டா அதுக்கு உதவி எடுக்க வேணும் எண்டுதான் உலக சுகாதார நிறுவனத்தின்ட வகைப்படுத்தலும் சொல்லுது. நீங்க அந்த நிலையில இருக்கிறீங்க எண்டு நான் கடிதத்தப் பாத்து முடிவு சொல்ல ஏலாது, அதால பக்கத்து ஆதார வைத்தியசாலையில மனநலப் பிரிவுக்கு ஒருக்காப் போய்க் காட்டுங்க. ராவில ரெண்டு மணிக்கு ஆரோடயாவது கதைக்க வேணும் போல இருந்தா 1926க்கு எடுங்க, அது தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், 24 மணித்தியாலமும் ஆள் இருப்பாங்க.

அமாவாசை முடிஞ்ச பொறகு எனக்கு எழுதுங்க. எந்தப் பேரப் போட்டு எழுதினாலும் உங்கள எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா