ஒரு தே தாரிக், இரண்டு ஷட்டர் வேகம்

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "பையன் படிவம் 5. எஸ்.பி.எம். இறுதித் தேர்வு நெருங்குகிறது. ராத்திரி 12 மணி வரை கைப்பேசியில் யார் யாரோ எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கேட்டால் போட்டோகிராபி படிக்கப் போகிறானாம். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கட்டுமா?"

பிடுங்க வேண்டாம் அம்மா, நண்பனுடையதில் பார்ப்பான். பத்தரைக்கு மேல் கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும், அது போதும். அவன் படம் பார்ப்பது எனக்குக் கவலையில்லை. ஒரே ராத்திரியில் முந்நூறு படத்தைத் தள்ளிவிட்டுப் போனால் காலையில் ஒன்றுகூட நினைவில் நிற்காதே, அதுதான் கவலை.

போன வருடம் இதே வயதுப் பையன் ஒருவன் என்னிடம் ஒரு தைப்பூசப் படத்தைக் காட்டினான். வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய் உடைக்கிறார்கள். சில்லுகள் அந்தரத்தில் நிற்கின்றன, தேங்காய்த் தண்ணீர்த் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். "எப்படி எடுத்திருப்பார்?" என்றேன். "நல்ல கேமரா சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நல்லவேளை, படம் ஃபிளிக்கர் என்ற படத்தளத்தில் இருந்தது. எடுத்தவர் மறைக்காமல் விட்டிருந்தால் அங்கே ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), அபர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு அகலம் திறந்திருந்தது), ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது) எல்லாம் படத்துக்குக் கீழேயே தெரியும். இன்ஸ்டாகிராமில் அந்த விவரம் வராது. பையனையே வாசிக்கச் சொன்னேன். ஷட்டர் 1/1600 வினாடி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சரி, செய்து பார் என்று அனுப்பினேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. தே தாரிக் (உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும் பால் தேநீர்) இழுக்கும் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, கைப்பேசி கேமராவை ஷட்டரை நாமே அமைக்கும் 'புரோ'வில் வைத்து 1/1000 வினாடியில் ஒரு படம், 1/15 வினாடியில் ஒரு படம். முதல் படத்தில் தேநீர் துளித்துளியாக நின்றது, ஆனால் ஒரே இருட்டு. அடுத்ததில் வெளிச்சம் இருந்தது, தேநீர் பட்டு நாடா மாதிரி வழிந்தது, அண்ணனின் கைதான் கலங்கிப்போயிற்று. "ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் மணல் கொட்டின மாதிரி ஆகிறது சார்" என்று புகார் வேறு. மறுவாரம் அவனாகவே வேறொரு கடையைத் தேடிப் பிடித்திருக்கிறான். அங்கே இழுக்கும் இடம் அஞ்சடியோரம் (கடை முன் நடைபாதை), காலை வெயில் நேராக விழும். அதை நான் சொல்லித் தரவில்லை.

உங்கள் மகனும் வாரத்துக்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்ளட்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எடுத்தவர் எங்கே நின்றார், ஓரத்தில் எதை வெட்டிவிட்டார் என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போய், அதே மாதிரி ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். லைக் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். ஃபிளிக்கரிலேயே 'தி காமன்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு, 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தோடு தொடங்கியது. அங்கிருக்கும் நூறு வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், நிறத்தின் உதவியில்லாமல் வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் வந்த மாணவி ஒருத்தி, பார்த்துப் பிடித்துப்போன படம் ஒன்றை, கல்லூரிக்குக் காட்டும் தன் படத் தொகுப்பில் செருகிவிட்டாள். நேர்முகத்தில், "இதை எடுக்கும்போது எங்கே நின்றாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மற்ற பதினொன்றும் அவளே எடுத்தவை. அவற்றையும் யாரும் நம்பவில்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். டிப்ளோமாவுக்குப் பொதுவாக எஸ்.பி.எம்.மில் குறைந்தது மூன்று பாடங்களில் கிரெடிட் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்) வேண்டும், அதனால் படிப்பை விடச் சொல்லவே மாட்டேன். எந்தக் கல்லூரியானாலும் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி ஆணையம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசின் உயர்கல்விக் கடனும் கிடைக்காது. வருமானத்தைப் பற்றி இனிப்பாகப் பேச எனக்கு மனமில்லை. பலருக்கு முதல் சில வருடம் கல்யாண மண்டபத்தில் இன்னொருவருக்கு லைட் பிடிப்பதிலேயே போகும்.

ஐயாயிரம் ரிங்கிட் கேமரா இப்போது வேண்டாம். எட்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு அவனை அழைத்து வாருங்கள். பக்கங்கள் காலியாக இருந்தால் அவனுக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான், வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம். எழுதியிருந்தால், கேமரா விலையை அன்றைக்குப் பார்ப்போம்.