முதல் நீண்ட தூர ட்ரையத்லானுக்கு நெல்லையிலேயே தயாராக முடியுமா?

"ஓட்டம் பழக்கம்தான். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டே 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட போட்டிக்குத் தயாராக முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

நீச்சலில்தான் அதிகம் உழைக்க வேண்டும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவருக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது. ஆனால் படித்துறையில் நீந்துவது வேறு, நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் நீந்துவது வேறு. தண்ணீருக்குள் மூச்சை விட்டு, பக்கவாட்டில் தலை திருப்பி மூச்சிழுக்கும் முறையை நீச்சல் குளத்தில் பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆற்றில் தனியாக இறங்கவே வேண்டாம். மேலே தெரியாத பள்ளமும் சுழலும் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும்.

சைக்கிளுக்கு நம் சீமை ஒரு வரம். திருச்செந்தூர் போய்த் திரும்பினாலே நூறு கிலோமீட்டர் தாண்டிவிடும். ஆடி மாதம் பணகுடி, காவல்கிணறு பக்கம் மிதித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று சமதளத்தையும் மேடாக்கிவிடும். அங்கே வேகத்தைப் பார்க்காதீர்கள், சீரான உழைப்பே போதும். பக்கக்காற்றில் லாரி கடக்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றுங்கள்.

வாரம் ஒருமுறை சைக்கிளை விட்டு இறங்கியதுமே 20 நிமிடம் ஓடுங்கள். கால் கனக்கும், அந்தக் கனம் பழக வேண்டும்.

நீண்ட பயிற்சியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து தேவை. வாழைப்பழம், கருப்பட்டி, உப்பிட்ட தண்ணீர் எனக்குப் பிடித்தவை. உங்கள் வயிறு எதை ஏற்கிறது என்று இப்போதே பாருங்கள். சித்திரை, வைகாசியில் விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.