அக்காவுக்குப் பிழை இல்லையென்றால் எனக்கும் இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 43 வயதிலும், சின்னம்மாவுக்கு 50 வயதுக்கு முன்னரும் மார்பகப் புற்றுநோய் வந்தது. அம்மா தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுச் சுகமாக இருக்கிறார். கனடாவில் உள்ள அக்கா பல ஆண்டுகளுக்கு முன்னர் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்னும் மரபணுக்களைப் பரிசோதித்தபோது பிழை ஏதும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த மரபணுக்களோடு தொடர்புடைய இன்னொரு புரதத்தையும் கண்டறிந்திருக்கிறார்களாம். நாங்கள் இன்னும் பயப்பட வேண்டுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அக்காவின் முடிவு அவருக்கு ஓரளவு ஆறுதல் தரலாம், அதை வைத்து நீங்கள் கவனமின்றி இருந்துவிட முடியாது.

நீங்கள் கேள்விப்பட்டது பால்பி-2 என்னும் புரதமாக இருக்க வேண்டும். பொஸ்டன் நகரின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2006இல் இதைக் கண்டறிந்தார்கள்; இதற்குரிய மரபணுவில் உள்ள பிழை மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. உயிரணுவில் டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்துபோகும்போது, பால்பி-2 ஒரு பக்கம் பிஆர்சிஏ-1 புரதத்தையும் மறுபக்கம் பிஆர்சிஏ-2 புரதத்தையும் பற்றிக்கொண்டு, பின்னதை அறுந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதன் பிறகுதான் பழுதற்ற பிரதியைப் பார்த்து அந்த இடம் சரியாகத் திருத்தப்படுகிறது. ஆகவே பிஆர்சிஏ இரண்டும் நன்றாக இருந்தாலும், பால்பி-2 பழுதானால் திருத்த வேலை குழம்பிவிடும். இந்தப் பிழையைச் சுமக்கும் பெண்களில் ஏறத்தாழ 53 சதவீதத்தினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என 2020இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது.

பழைய பரிசோதனைகள் பலவற்றில் பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 ஆகிய இரண்டு மரபணுக்களை மட்டுமே பார்த்தார்கள். அக்காவின் பரிசோதனையில் பால்பி-2ஐயும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமானது, முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் நோய் கண்ட அம்மாதான். அவரிடம் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அக்காவுக்கு வரவில்லை என்பது உங்களைப் பற்றி எதையும் சொல்லாது.

குடும்ப வரலாறு கேட்கும்போது வன்னியில் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2009 வரையான இடப்பெயர்வுகளில் கிளினிக் கொப்பிகள் தொலைந்தன. நோய் வரக்கூடிய வயதை எட்டாமலே எத்தனையோ பெண்கள் யுத்தத்தில் இறந்தார்கள். எனவே ஒரு குடும்பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வந்தது என்பதால் பரம்பரைப் பிழை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்பாவின் பக்கத்தில் அப்பம்மா, மாமிமார் ஆகியோரையும் விசாரியுங்கள், ஏனெனில் ஆண்கள் வழியாகவும் இந்தப் பிழை இறங்கும். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று எழுதிவைத்து, மார்பகத்தோடு சூலகம், கணையம் ஆகியவற்றில் வந்த புற்றுநோயையும் சேருங்கள். சொந்தத்துக்குள் திருமணம் செய்வோர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது: தாய், தகப்பன் இருவரிடமும் பால்பி-2 பிழை இருந்தால், பிள்ளைக்கு ஃபன்கோனி இரத்தசோகை என்னும் கடுமையான நோய் வரலாம்.

அந்தக் குறிப்போடு, அம்மா அடுத்த முறை தெல்லிப்பழைக்குப் போகும்போது நீங்களும் போய்ப் புற்றுநோய் வைத்தியரிடம் பேசுங்கள். உங்களுக்கான ஸ்கான் பரிசோதனைகளை எந்த வயதில் தொடங்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதில் அழைப்பார்கள் என்று காத்திராமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த வரலாற்றை இப்போதே சொல்லுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், நோவில்லை என்று ஒத்திப்போடாமல் அந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள்.