பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டு வேலையையும் வீட்டு ஜெபத்தையும் இனி எப்படி நடத்துவது?

கேள்வி: மட்டக்களப்பு, பெரியகல்லாற்றில் இருக்கிறோம், மெதடிஸ்த குடும்பம். மகளுக்கு 22 வயது, கல்முனையில் வேலை. மகனுக்கு 19, ஏ.எல். எழுதிவிட்டு கம்பஸுக்குக் காத்திருக்கிறான். இருவருக்கும் சோறு கறி சமைக்கத் தெரியாது. இரவு ஜெபத்துக்குக் கூப்பிட்டால் மகன் போனோடு அறைக்குள் போய்விடுகிறான். மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருக்கிறோம், வீட்டை அவள் பேருக்கு எழுதும் எண்ணமும் உண்டு. எதில் இருந்து தொடங்குவது?

பதில்:

குசினியில் இருந்து தொடங்குங்கள். மகன் ஜெபத்துக்கு வராததற்கும் அவனுக்குச் சோறு ஆக்கத் தெரியாததற்கும் வேர் ஒன்றுதான். இரண்டையும் இதுவரை பெரியவர்களே செய்து முடித்து அவன் முன்னால் வைத்திருக்கிறார்கள். பத்து வயதில் அது சரி. பத்தொன்பதில், தன் கையில் இல்லாத ஒன்றைத் தன்னுடையது என்று யாரும் நினைப்பதில்லை.

ஏ.எல். பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் நடுவில் நம் நாட்டில் நீண்ட மாதங்கள் கிடக்கின்றன. பிள்ளை வீட்டில் முழு நேரமும் இருக்கும் கடைசிக் காலம் பெரும்பாலும் அதுதான். கம்ப்யூட்டர் வகுப்பும் இங்கிலீஷ் வகுப்பும் போகட்டும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் பகல் சமையலை முழுவதுமாக அவனிடம் விடுங்கள். மகளுக்கு வேலை இருப்பதால் சனிக்கிழமை மட்டும். முழுவதுமாக என்றால், என்ன கறி என்று யோசிப்பதில் இருந்து சந்தைக்குப் போய் மீன் வாங்கி, வெட்டிக் கழுவி, சமைத்து, கடைசியில் சட்டி கழுவி அடுப்பைத் துடைப்பது வரை. வெங்காயம் உரிக்கிற கையாளாக மட்டும் வைத்திருந்தால் எத்தனை வருடம் போனாலும் சமையல் வராது. என்ன சமைப்பது, எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால் நீதிமொழிகள் 31-ஐ முதல் வசனத்தில் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். குணசாலியான பெண்ணைப் பற்றிப் பேசும் அந்த அதிகாரம், ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்ன புத்தி. யோவான் 21-இல் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் உயிர்த்தெழுந்த ஆண்டவர். அதோடு, மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்துப் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவன் பெரும்பாலும் ஆண்தான். மாமி வீட்டில் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எழும்பிக் கழுவாத மருமகனைப் பற்றி அந்த வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். அதன் பாரம் எல்லாம் அவன் மனைவியின் தலையில்தான் விழும்.

முதலில் மூன்று சமையல் போதும்.

சோறு. ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம், இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்குக் காணும். சிவப்பு நாட்டரிசியானால் கல் அரித்து, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். சம்பாவுக்கு இரண்டு பங்கு. புதிதாகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் பிழைப்பார்கள்: றைஸ் குக்கரோடு வரும் கோப்பை சுண்டைவிடச் சிறியது. அரிசியைச் சுண்டாலும் தண்ணீரைக் கோப்பையாலும் அளந்தால் சோறு அரைவேக்காடாக நிற்கும். எதனால் அரிசி அளந்தார்களோ அதனாலேயே தண்ணீரும் அளக்கட்டும்.

பருப்பு. மைசூர்ப் பருப்பு 100 கிராமுக்கு மூன்று மடங்கு தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு பச்சை மிளகாய், மூன்று பல் உள்ளி. நடுத்தரத் தீயில் 15 நிமிடத்தில் மசியும். உப்பும் தேங்காயின் முதற்பாலும் அதன் பிறகு. முதற்பால் விட்டதும் தீயைக் குறைத்து, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

மீன் கறி. அரைக் கிலோ மீனுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கறித்தூள், பாதி எலுமிச்சங்காய் அளவு பழப்புளி. கப்பிப்பாலில் (முதற்பாலுக்குப் பிறகு பிழியும் தண்ணிப்பால்) வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை, தூள் எல்லாம் போட்டுப் பச்சை மணம் போகும் வரை கொதிக்கவிட்டுத்தான் மீனும் புளியும். பத்து நிமிடம் போதும். அகப்பையால் கிண்டினால் மீன் உடையும், சட்டியைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் போதும். கறியைவிட முக்கியம் மீன் வாங்குவது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, சதை அமர்த்தினால் மீண்டு வருகிறதாகப் பார்க்க வேண்டும். சூரை வாங்கினால் ஐஸ் வைத்து நேரே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அது வெக்கையில் சில மணித்தியாலம் கிடந்தால் அதற்குள் ஒரு நச்சுப் பொருள் உண்டாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை இடிக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இதில் தாய்க்குத்தான் கடினமான வேலை: அந்த இரண்டு நாளும் குசினிக்குள் நிற்கக் கூடாது. உப்புக் கூடும், சோறு அடிப்பிடிக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் திடனற்றுப் போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 பிதாக்களுக்குச் சொல்வது தாய்மாருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது காசு. மகளின் சம்பளச் சீட்டை அவளோடு இருந்து ஒருமுறை வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 வீதம் கழியும், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் முதலாளியுடையதே, அவள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. சம்பளம் முழுவதையும் தாயின் கையில் கொடுத்துவிட்டு பஸ் காசுக்குக் கேட்டு நிற்கும் பழக்கம் பார்க்க அன்பாக இருக்கும். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு முதல் மாதமே அவள் தடுமாறுவாள். கைக்கு வருவதைப் பத்தாகப் பிரித்தால் மூன்று வீட்டுக்கு, இரண்டு சேமிப்புக்கு, ஒன்று காணிக்கைக்கு, மிச்சம் அவளுக்கு என்பது என் யோசனை. உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். காணிக்கை உறையில் காசை வைப்பது அவளாகவே இருக்கட்டும். கட்டாயமாய் அல்ல, மனதில் நியமித்தபடியே கொடுக்க வேண்டும் என்கிறது 2 கொரிந்தியர் 9:7. இன்னொன்று, உங்கள் கடனுக்கு மகளைப் பிணையாளியாக ஒப்பமிடச் சொல்லாதீர்கள். சிறு கடன்களால் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

இனி ஜெபம். மகனுக்கு ஜெபம் வெறுத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் வெறுப்பது அதன் நீளத்தையும், அதில் வரும் மறைமுகக் கண்டிப்பையும்தான். “ஆண்டவரே, என் மகன் போனை விட்டுவிடக் கிருபை தாரும்” என்று அவன் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாக ஜெபித்தால் அது ஆண்டவரிடம் பேசுவதாக அவனுக்குக் கேட்காது, தன்னை ஏசுவதாகத்தான் கேட்கும். ஏச வேண்டியதை நேரே அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவனுக்காக நன்றி சொல்லுங்கள்.

நேரத்தை மணிக்கூட்டோடு கட்டாமல் இரவுச் சாப்பாட்டோடு கட்டுங்கள். ஒருவர் வேலையால் பிந்துவார், ஒருவர் விளையாட்டால் பிந்துவார், சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும். கோப்பை எடுக்கும் முன் பன்னிரண்டு நிமிடம்: ஒரு பாட்டு, பதினைந்து வசனம் அளவில் ஒரு பகுதி, ஒரு ஜெபம். மாற்கு நற்செய்தி தொடங்க நல்லது, 16 அதிகாரம்தான், கதை வேகமாக ஓடும். ஆனால் ஓர் இரவுக்கு ஓர் அதிகாரம் என்று வைக்காதீர்கள். 14-ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனங்கள் உண்டு, அங்கே வந்து எல்லாரும் களைத்துவிடுவார்கள். நடத்துகிறவர் முறை வைத்து மாறட்டும். மகனின் முறையில் அவன் சங்கீதம் 117-ஐ, அதாவது இரண்டே வசனத்தை, வாசித்து முடித்தாலும் ஆமென் சொல்லி எழும்புங்கள். அவன் சுருக்கியதைத் தகப்பன் நீட்டினால் அடுத்த முறை அவன் எடுக்க மாட்டான். செபமாலை சொல்லும் கத்தோலிக்க வீடுகளிலும் இதே மாதிரி ஒவ்வொரு பத்து மணியையும் ஒவ்வொருவர் தொடங்கலாம்.

அப்படியும் வரமாட்டேன் என்றால்? மேசையில் இருப்பது இந்த வீட்டு ஒழுங்கு, அதைக் கேட்கலாம். விசுவாசிக்கிறேன் என்று வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. ஞாயிறு ஆராதனைக்கு மறுக்கும் பிள்ளையிடம் ஏன் என்று ஒருமுறை கேட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு, அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்த பலருக்கு உடம்பில் தங்கியிருக்கிறது. கூட்டமான ஆராதனையில் மூச்சு முட்டுகிறது, கதவையே பார்க்கத் தோன்றுகிறது என்றால் அது அவிசுவாசம் அல்ல. கதவோரம் இருக்க விடுங்கள், ஆட்கள் குறைந்த ஆராதனைக்குக் கூட்டிப்போங்கள். நித்திரையும் கெடுகிறது என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

வேறு சபைக்குப் போகிறேன் என்று சொன்னால் சண்டைக்கு முன் ஒரு ஞாயிறு நீங்களும் கூடப் போய் இருந்து பாருங்கள். அங்கே வேதம் வாசிக்கப்படுகிறதா, காணிக்கைக்கு நெருக்குகிறார்களா, வீட்டாரை விட்டு விலகச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கடைசி இரண்டும் இருந்தால் எதிர்க்க வேண்டும். பாட்டும் கைதட்டலும் வேறு என்பதற்காக எதிர்க்க வேண்டாம்.

கம்பஸ் வெளியூரில் கிடைத்தால், வாரத்துக்கு ஒருநாள் நேரம் குறித்துப் பேசுங்கள். முதல் கேள்வி “சாப்பிட்டியா மனே” என்று இருக்கட்டும். “சேர்ச்சுக்குப் போனியா” என்று தொடங்கினால் இரண்டாம் மாதத்தில் பொய் சொல்லப் பழகுவான்.

வீட்டு விடயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மகளுக்கு வீடு கொடுப்பது நம் பக்கத்து வழமை, நல்ல வழமைதான். ஆனால் சட்டம் வேறு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை நமக்குப் பொருந்தாது, பொதுச்சட்டம்தான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மற்றப் பாதி ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. எனவே “வீடு அக்காவுக்குத்தான்” என்ற வாய்ப்பேச்சு பின்னாளில் தம்பியின் பங்கோடு முட்டும். எழுதுவதற்கு முன் மகனையும் மகளையும் ஒரே மேசையில் வைத்துப் பேசி, மகனுக்கு என்ன என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

எழுதும்போது நொத்தாரிசிடம், நன்கொடை உறுதியில் உங்கள் இருவருக்கும் சீவிய உரித்து வைத்து எழுதச் சொல்லுங்கள். உரிமை மகளுக்குப் போகும், சாகும் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களிடம் நிற்கும். எழுதிக் கொடுத்த நன்கொடையை நினைத்தபோது திருப்பி எடுக்க முடியாது என்பதால் இந்த ஒரு வரி மிகவும் பெரியது. கையொப்பம் வைத்ததோடு விடாமல், காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்றும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வளவு அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியானால் நொத்தாரிசிடம் போவதற்கு முன்பே பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்குப் போங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, பின்னுரித்து, அதாவது உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்பது, யாருடைய பேரில் பதிந்திருக்கிறது என்பதையும் அங்கேதான் பார்க்கலாம்.