ஷெல்டர்ல இருந்து எடுத்துட்டு வந்த பூனைக்குட்டி திடீர்னு சாப்பாட்ட நிறுத்தி, வாந்தி, பேதின்னு நாலே நாள்ல செத்துப்போச்சு, ஷெல்டர் மேல தப்பா? இன்னொரு குட்டி எடுக்கலாமா?

குட்டி போனது ரொம்ப கஷ்டமா இருக்குங்க. நீங்க எழுதிருக்க மாதிரி திடீர்னு சாப்பாட்ட நிறுத்தி, வாந்தி, பேதி, உடனே சாவுன்னா பெரும்பாலும் பான்லூகோபீனியாதான், நாய்க்கு வர்ற பார்வோ வைரஸ் மாதிரி பூனைக்கு வர்றது. ரத்தத்துல இருக்க வெள்ளை அணு பூராத்தையும் காலி பண்ணி குடலையும் புண்ணாக்கிரும். நான் மதுரைல ஒரு ஷெல்டர்ல லீவு நாள்ல போயி குட்டிகளப் பாத்துக்கிறேன். இந்த நோய் வந்த குட்டி தண்ணிக் கிண்ணத்து மேல தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கும், மூக்கு தண்ணில படும், ஒரு சொட்டு குடிக்காது. அதப் பாத்துட்டா அப்புறம் கை கழுவாம யாரையும் அடுத்த கூண்டத் தொட விடமாட்டோம், ஏன்னா இது நம்ம கையி, செருப்பு, கிண்ணம்னு எல்லாத்துலயும் ஒட்டிட்டுப் போகும்.

ஷெல்டர்காரங்க தெரிஞ்சே குடுத்தாங்கன்னு நெனைக்காதீங்க. கிருமி உள்ள போயி நோயா வெளிய தெரியறதுக்கு சில நாள் ஆகும், சிலதுக்கு 14 நாள் வரைக்கும் கூட, அதுவரை குட்டி துள்ளி விளையாடிட்டுத்தான் இருக்கும். ஆனா ஒன்னு, யாரோ அட்டைப்பெட்டில போட்டு கேட்டுல வச்சிட்டுப் போன குட்டிகள எடம் இல்லன்னு பழசுகளோட அன்னைக்கே சேத்து விடுறாங்க பாருங்க, அங்கதான் வினையே. புதுசா வந்தத 14 நாள் தனியா வைக்கணும்னு நான் அங்கயும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்கேன். சளி, கண்ணுல பீளைன்னு வர்றது வேற, ஹெர்பெஸ், கலிசி வைரஸ், அதுல கவனிச்சா முக்காவாசி தேறிரும்.

இப்ப உங்க வீடு. இந்த வைரஸ் ஒரு வருஷம் வரைக்கும் தரையில உயிரோட கெடக்கும், சானிடைசருக்கெல்லாம் சாகாது. ஃபினாயில், டெட்டால் ஊத்தாதீங்க, பூனை கால நக்கும், அதுக்கு அது விஷம். மொதல்ல சோப்பு போட்டு அழுக்க எடுத்துட்டு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் தண்ணி) 30 மில்லிய 1 லிட்டர் தண்ணில கலந்து 10 நிமிஷம் ஊறவிட்டு அலசுங்க. மெத்தை, சாக்கு, மண்ணு தட்டெல்லாம் தூரப் போட்டுருங்க.

எடுக்கலாம், ஆனா இப்போதைக்கு சின்னக் குட்டி வேணாம். தடுப்பூசி முழுசா போட்ட வளந்த பூனையா கேளுங்க, ஷெல்டர்ல அதுகளத்தான் யாருமே கூட்டிட்டுப் போக மாட்டேங்குறாங்க. குட்டிதான் வேணும்னா 6 - 8 வாரத்துல ட்ரைகேட் ஊசி (பான்லூகோபீனியா, ஹெர்பெஸ், கலிசி மூணுக்கும் சேத்துப் போடுற தடுப்பூசி) ஆரம்பிச்சு 3, 4 வாரத்துக்கு ஒருக்க 16 வாரம் தாண்டுற வரைக்கும் போட்டதான்னு அட்டையப் பாத்து வாங்குங்க.