‘என்னாலதான் ஐயா போனாக’ என்கிறான் மகன்

கேள்வி: மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. கொரோனாவில் பள்ளியை மூடியபோது ஆறாவது படித்தான். 2021 மே மாதம் அவன் ஐயா (தாத்தா) கொரோனாவில் தவறிப்போனார்கள். “என்னாலதான் ஐயா போனாக” என்று இப்போதும் சொல்கிறான். மாடியறையில் தாழ் போட்டுக்கொள்கிறான், தூக்கம் இல்லை, முடி கொட்டுகிறது, மார்க் குறைகிறது. போன வாரம் சைக்கிளையும் கேரம் போர்டையும் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டான். தடுப்பூசி மூளையைப் பாதிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். அவன் அப்பச்சி (அப்பா) தீபாவளிக்கு மலேசியாவிலிருந்து வருவார்கள். வந்ததும் டாக்டரிடம் காட்டலாமா?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: தீபாவளி வரைக்கும் பொறுக்காதீர்கள் ஆச்சி. நாளைக்கே காட்டுங்கள்.

முடி கொட்டுவதை விடுங்கள். தூங்காத பிள்ளைக்கு முடி கொட்டும். தடுப்பூசியையும் விடுங்கள். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச்சில் போட ஆரம்பித்தது கோர்பிவேக்ஸ். அதில் கிருமியே கிடையாது, கிருமியின் புரதத்தில் ஒரு துண்டுதான். அந்த வீடியோக்காரர் உங்கள் மகனைப் பார்த்ததில்லை.

நான் இரண்டு தரம் படித்தது சைக்கிள் வரியை. ஆசையாக வைத்திருந்த பொருளை ஒரு பையன் திடீரென்று எடுத்துக் கொடுக்கிறான், கூடவே ‘என்னாலதான்’ என்கிறான் என்றால், அதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட பயமும் அதுதான் என்று நினைக்கிறேன். அவனிடமே கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதாப்பா?” கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்றுதான் அவனுக்குப் படும். ‘ஆமா’ என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். பக்கத்திலேயே இருங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்று ராத்திரி அவன் மாடியில் தனியாகப் படுக்க வேண்டாம். கீழே உங்கள் பக்கத்தில் பாய் போடுங்கள். எலி மருந்து, பூச்சி மருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது. மாத்திரைகள் உங்கள் இடுப்புச் சாவியில் பூட்டியிருக்கட்டும்.

மாத்திரை என்றதும் கோபம் வருகிறது. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுத்த கடைக்காரர் மேலும் கோபம், உங்கள் மேலும் கோபம். அது பழக்கமாகிவிடும், மனச்சோர்வைத் தீர்க்காது. போதாததற்கு, இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த அட்டையே ஆபத்து. இத்தனை நாள் எதை, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்துவதும் குறைப்பதும் அவர் சொல்கிறபடி.

கொரோனாதான் காரணமா? பாதி காரணம். முதல் ஆண்டிலேயே உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. அதிகம் அடிபட்டவர்கள் இளவயதினரும் பெண்களும். ஆறாவதில் மூடிய பள்ளி இவனுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதி, எட்டாவதில்தான் திறந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகு மெல்ல எழுந்துகொண்டார்கள். இவன் அந்த மே மாதத்திலேயே நிற்கிறான். ஐயாவுக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று அன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது, இன்றைக்கும் முடியாது. வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதை அவனிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். டாக்டர் மருந்து எழுதினால் வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரங்கள் ஆகும். இந்த வயதில் முதல் சில வாரங்கள் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அவன் அப்பச்சிக்கு இன்றைக்கே போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். அனுமதி கேட்பதற்காக அல்ல. நாளைக்குப் பள்ளியில் பரீட்சை இருந்தாலும் அது போனால் போகட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.